அப்பச்சியின் தாடை

என் கையில் கொடுத்த கம்பி சூடாக இருந்தது. அந்த வீட்டைப் பற்றி யோசித்தால் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு சாண் நீள எவர்சில்வர் கம்பி. அதைச் சுற்றியிருந்த ஈரத் துணி புதிது, சில்லென்று இருந்தது. ஆனால் துணிக்குள்ளே கம்பியில் எனக்கு முன்னால் அதைப் பிடித்திருந்த பெண்ணின் உள்ளங்கைச் சூடு இன்னும் ஆறவில்லை. அவள் யாரென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

காரைக்குடியில் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடு அது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்க, இரண்டாங்கட்டில் ஒரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அந்தம்மா தொழில் செய்தார். முன்பு செவிலியாக இருந்தவர். முகத்து முடியை மின்சார ஊசியால் வேரோடு கருக்கும் வேலையைச் சென்னையில் கற்றுக்கொண்டு வந்தவர். முன்வாசல் வழியாக வந்தவர்கள் கொல்லைக் கதவு வழியாகப் போய்விட வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் இடையில் ஓரிரு நிமிடம் விடுவார். அதனால் அங்கே வந்துபோகிற பெண்கள் யாரும் யாரையும் பார்த்ததில்லை. நான் வளவில் நுழையும்போது உள்ளே எங்கோ கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். ஒருமுறை சிமெண்டுத் தரையில் ஈரப் பாதச் சுவடுகளைப் பார்த்தேன். ஆள் இல்லை. வெயிலில் அவை என் கண்ணெதிரிலேயே காய்ந்து போயின.

எனக்கு இருபத்திரண்டு வயதில் தாடையின் அடியில் முதல் முடி வந்தது. பிறகு அதற்குத் துணையாக ஊரே வந்துவிட்டது. தினமும் விடிகாலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியை வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். இருபது வருடங்களில் ஒரு நாள் தவறியதில்லை. அப்பச்சி, என் அப்பா, இறந்துபோன அன்றுகூட, வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நானும் அழுதுகொண்டே பிடுங்கி முடித்துவிட்டுத்தான் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இரத்தப் பரிசோதனை செய்து பார்த்த டாக்டர், கோளாறு ஒன்றும் இல்லை, பரம்பரை வாகுதான் என்று சொல்லிவிட்டார். மதுரையில் லேசரும் பார்த்தேன். லேசர் கறுப்பைத் தேடிப் போய்ச் சுடுவது. என் முடியிலோ பாதி நரைத்துவிட்டது, நரை இருப்பது அதற்குத் தெரியாது. இந்த ஊசிக்குக் கறுப்பும் ஒன்றுதான் வெளுப்பும் ஒன்றுதான் என்று கேள்விப்பட்டுத்தான் தேவகோட்டையிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினேன்.

தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வேதியியல் ஆசிரியை. மின்னாற்பகுப்பு என்ற பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. உப்பு நீரில் இரண்டு கம்பிகளை வைத்து மின்சாரம் செலுத்தினால், எதிர்மின்வாயில் குமிழி கிளம்பும். அங்கே நீர் மெல்ல மெல்லக் காரமாகும். அடுப்படியில் அடைத்துக்கொண்ட குழாயைச் சுத்தம் செய்ய ஊற்றுகிறோமே, அந்த எரிகாரம். பலகையில் படம் வரைந்து இதைச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்தப் பாத்திரமாக நானே படுத்துக் கிடப்பேன் என்று தோன்றியதே இல்லை. உப்புநீர் என் உடம்பில் இருந்தது. என் கையில் பிடித்திருந்த கம்பி நேர்மின்வாய். முடியைவிட மெல்லிய அந்த ஊசி எதிர்மின்வாய்.

அந்தம்மா உருப்பெருக்கி விளக்கை என் முகத்துக்கு மேல் இழுப்பார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரியும். முடி முளைக்கும் துளைக்குள், முடியை ஒட்டியே, ஊசியை அடிவரை இறக்குவார். தோலைக் குத்துவதில்லை, இருக்கிற துளையில்தான் போகிறது. பிறகு காலால் ஒரு விசையை மிதிப்பார். சில விநாடிகளுக்கு வேரடியில் எறும்பு கடிப்பது போலச் சுருக்கென்று இருக்கும். வாயில் இரும்பு ருசி வரும். துளையின் விளிம்பில் கடுகளவு வெள்ளை நுரை தெரியும் என்று அவர் சொல்வார். உள்ளே என் சொந்த உப்பிலிருந்து பிறந்த காரம் வேர்ப்பையைக் கரைத்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு இடுக்கியால் தொட்டால் போதும், இழுவையே இல்லாமல் முடி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் வலிக்கிறது என்றால் வேர் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம், மறுபடி மிதிப்பார். ஒவ்வொரு முடிக்கும் இதே சடங்கு.

"முடி எல்லாம் ஒரே நேரத்துல முழிச்சிருக்காது ஆச்சி" என்பார். "பாதி தூங்கும். தூங்குற வேரு ஊசிக்குச் சிக்காது. அது முழிக்கிற வரைக்கும் நீங்க வந்துக்கிட்டேதான் இருக்கணும். வருசம் ஒண்ணோ ஒண்ணரையோ ஆகும்."

ஒரே ஒரு கண்டிப்பு. பிடுங்கக் கூடாது. "புடுங்கிட்டு வந்தீகன்னா துளை வெறுசாக் கெடக்கும். நான் எதப் பாத்து ஊசிய எறக்குறது? கத்தரிச்சுக்கங்க, வேணாங்கல. ஆனா வாரதுக்கு மூணு நாளைக்கு முன்னயிருந்து கையே வைக்காதீக."

ஆகவே புதன்கிழமை முதல் வெள்ளிக்கிழமை வரை முகக்கவசம் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். சளி என்றேன். வாரா வாரம் சளி பிடிக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் என்ன பெயர் வைத்தார்கள் என்று தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

முதலில் மேலுதட்டையும் கழுத்தையும் முடித்தார். தாடையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அங்கே வேர் ஆழம். இருபது வருடங்களில் என் தாடையை முழுசாக வளர விட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தேன். தாடையின் இடப்புறம் ஒரு சுழி இருந்தது. முடிகள் அங்கே மட்டும் கீழ்நோக்கி வளராமல் காதை நோக்கிப் படுத்திருந்தன. சுழியின் நடுவில் பொட்டளவு வெற்றிடம். அது அப்பச்சியின் தாடை. சின்ன வயதில் அந்த வெற்றிடத்தில் விரல் வைத்து விளையாடியிருக்கிறேன். "அப்பச்சிய உரிச்சு வச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் மூக்கைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வீட்டில் நானும் என்னைப் பெற்ற ஆத்தாவும் மட்டும்தான். தம்பி சிங்கப்பூரில். அப்பச்சி இறந்து அப்போது நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. ஆத்தாவுக்கு மறதி நோய் வந்து, பாத்திரங்களின் பெயர் போய், தெரு போய், கடைசியில் என் பெயரும் போயிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆண்டு ஐப்பசியிலிருந்து சோறு வேண்டாம் என்று வாயை இறுக மூடிக்கொள்ளத் தொடங்கினாள். கெஞ்சினேன், அதட்டினேன், குழைத்தேன், கரைத்தேன். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். குழாய் போட்டால் அவளே பிடுங்கிப் போடுவாள், கையைக் கட்டத்தான் வேண்டும் என்றும் சொன்னார். ஆத்தாவின் கையைக் கட்டுவதா? எனக்கு அன்று ஒரே பயம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை, காரைக்குடிக்குக் கிளம்பும் முன்னால், முகக்கவசம் போடாமல் தட்டோடு அவள் முன் உட்கார்ந்தேன். வளவில் மேகமூட்டமான வெளிச்சம். ஆத்தா என்னை உற்றுப் பார்த்தாள். கையை நீட்டி என் இடத் தாடையைத் தொட்டாள். அவள் விரல் நேராகச் சுழியின் நடுவில் போய் நின்றது.

"வந்துட்டீகளா?" என்றாள். "எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கேன்."

நான் பேசவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று என் புத்தி அந்த நொடியிலேயே கணக்குப் போட்டுவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. சோற்றைப் பிசைந்து நீட்டினேன். ஆத்தா வாயைத் திறந்தாள். ஒரு தட்டுச் சோறும் உள்ளே போனது.

அதிலிருந்து அப்படியே நடந்தது. வாரத்தின் பாதி நாள் கத்தரித்துக்கொண்டு நானாக இருந்து பட்டினி போட்டேன். மறுபாதி தாடையோடு இருந்து ஊட்டினேன். பிறகு கத்தரிப்பதையும் விட்டுவிட்டேன். அப்பச்சியின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டால் ஆத்தா இன்னும் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள். அப்பச்சி சாப்பிட உட்காரும் முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். ஒருநாள் அதையும் செய்தேன். ஆத்தா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மகளாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்த்திருக்கவும் கூடாது. அடுத்த வாரம் வகுப்பில் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது தொண்டையைச் செருமினேன், இரண்டு முறை. செருமியது நானில்லை என்று தோன்றியது. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் ஆத்தா சாப்பிட்டு முடித்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்லும் குரலில் பேசினாள்.

"நம்ம புள்ளைக்கு உங்க தாடை வந்திருக்கு. பாத்தீகளா?"

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"வெள்ளென எந்திரிச்சுக் கதவச் சாத்திக்கிருது. ஒண்ணொண்ணாப் புடுங்குது, பாவம். கண்ணெல்லாம் செவந்து வெளிய வருது. நமக்குத் தெரியும்னு காட்டிக்கிறாதீக, ஒடஞ்சு போயிரும் அந்தப் புள்ள."

இருபது வருடங்கள். யாருக்கும் தெரியாது என்று நான் நிமிர்ந்து நடந்த இருபது வருடங்களும் இவர்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் எனக்காகப் பார்வையைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அழுகை வந்தது. ஆனால் அப்பச்சி அழுது ஆத்தா பார்த்ததில்லை. விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

திருக்கார்த்திகை முடிந்து இருபத்தொரு நாள் கழித்துப் பிள்ளையார் நோன்பு வந்தது. எங்கள் பக்கத்தில் அது பெரிய நோன்பு. புது வேட்டி நூலில் இருபத்தொரு இழையைத் திரித்துத் திரியாக்கி, இனிப்பு மாவில் செருகி, நெய் விட்டு ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்போம். எங்கள் வீட்டில் மூத்த ஆண்தான் ஒவ்வொருவருக்கும் கையில் கொடுப்பார். அப்பச்சி போன பிறகு ஆத்தா இழையைத் தொட மறுத்துவிட்டாள். அந்த வருடம் விளக்கேற்றியதும் தானே வந்து பாயில் உட்கார்ந்து, என் முன் கையை நீட்டினாள்.

நான் மாவை உருட்டித் திரியை ஏற்றி அவள் கையில் கொடுத்தேன். சுடர் எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவே கீழிருந்து எரிந்தது. இவ்வளவு பக்கத்தில் வெளிச்சத்தில் பார்த்தாவது இது நான் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். கண்டுபிடிக்க மாட்டாளா என்றும் ஏங்கினேன். ஆத்தா என் தாடையைப் பார்த்தாள், திருப்தியாக வாயைத் திறந்து சுடரை விழுங்கினாள். பிறகு என் முறை. சுடரைத் தூக்கி வாயருகே கொண்டுபோனபோது தாடை முடி சுருண்டு பொசுங்கியது. முடி கருகும் நாற்றம் எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது.

அந்த நாற்றத்தை மோந்ததும் ஆத்தாவின் முகம் மாறியது. சுடுகாடு நினைவுக்கு வந்ததோ என்னவோ.

"அடுத்த நோன்புக்கு நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள். "இந்தத் தடவ நீங்க போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிருங்க. தனியா விட்டுட்டுப் போகாதீக. சத்தியம் பண்ணுங்க."

உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நான் என்ன செய்வேன்? சத்தியம் செய்யவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவளை உயிரோடு வைத்திருக்க நான் அழைத்து வந்த ஆள், அவளைக் கூட்டிப்போக வந்தவராகிவிட்டார். அதன் பிறகு தினமும், ஒவ்வொரு வாய்க்கும் நடுவே, "எப்பப் போறோம்?" என்று கேட்கத் தொடங்கினாள். ஒருநாள் இரண்டு புடவைகளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

தை பிறந்ததும் அந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்பத் தாடைய அப்படியே விட்டுறவா ஆச்சி? கொன்ன வேரு மறுபடி மொளைக்காது. நாளைக்கு வந்து அழுதீகன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"மழித்துவிட்டால் போதாதா?" என்று என்னை நானே கேட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். போதாது. மழித்தால் மூன்றே நாளில் அப்பச்சி திரும்பி வருவார். ஆத்தா ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் நானே வளர்த்து அவரை அழைத்து வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். திரும்பி வர முடியாதபடி அவரை அனுப்ப வேண்டும். அதோடு, ஆத்தாவைக் காப்பாற்ற மட்டுமே இந்த முடிவு என்று சொன்னால் பொய். எனக்கு என் முகம் வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் ஒரு முகத்துக்கு ஆசைப்படக் கூடாதா?

"செய்யுங்க" என்றேன்.

தையில் ஆரம்பித்து ஆனி வரை ஆனது. வலப்புறத்தை முடித்துவிட்டு இடப்புறம் வந்தார். வலப்புறம் வெறிச்சிட்டபோது நான் இடப்புறத்தை மட்டும் ஆத்தாவுக்குக் காட்டி உட்கார்ந்து ஊட்டினேன். அவள் பேச்சும் குறைந்தது. "என்ன, மெலிஞ்சு போயிட்டீக" என்றாள் ஒருநாள். "மொகம் தேயுதே" என்றாள் இன்னொரு நாள். ஊசி கடைசியாகச் சுழியில் இறங்கிய சனிக்கிழமை, அந்தம்மா விசையை மிதிக்க மிதிக்க, நான் கண்ணை மூடி ஒவ்வொரு முடியாக அப்பச்சியை அனுப்பினேன். "வலிக்குதா ஆச்சி?" என்று கேட்டார். வலி இல்லை. இழுவையே இல்லாமல் வந்துகொண்டிருந்தார். தூங்கி முழிக்கிற ஒன்றிரண்டு முடிகளுக்கு மட்டும் பிறகும் போக வேண்டியிருந்தது. ஆனால் அன்றோடு அந்த முகம் போய்விட்டது.

ஆத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் குழாய்க்குச் சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மதியம், துண்டு இல்லாமல், செருமல் இல்லாமல், தட்டோடு போய் உட்கார்ந்தேன். ஆத்தா கையை நீட்டி என் தாடையைத் தடவினாள். இடப்புறம் தேடினாள். பிறகு வலப்புறம். மறுபடி இடப்புறம்.

"போயிட்டாகளா?"

"ஆமா ஆத்தா."

"எப்ப?"

பொய் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்தோம், இனி வேண்டாம் என்று நினைத்தேன். "நாலு வருசத்துக்கு மேல ஆச்சு ஆத்தா. நெஞ்சு வலி வந்து போனாக. நீங்க பக்கத்துலதான் இருந்தீக."

அவள் அழவில்லை. எதையோ எண்ணிப் பார்ப்பது போல உதடு அசைந்தது.

"அப்ப இத்தன நாளும் எனக்குச் சோறு ஊட்டுனது ஆரு?"

"நான்தான் ஆத்தா."

"எழை எடுத்துக் குடுத்தது?"

"நான்தான்."

கையை என் முகத்திலிருந்து மெல்ல எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் அவுககிட்டச் சொன்னதெல்லாம்?"

ஆத்தா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தானே பிசைந்து, என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல், தட்டில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

குழாய் போட வேண்டியிருக்கவில்லை. இன்றுவரை தன் கையாலேயே சாப்பிடுகிறாள், உடம்பும் தேறியிருக்கிறது. போகிற பேச்சை எடுப்பதில்லை. நான் பக்கத்தில் உட்காரவோ தொடவோ கூடாது, தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் முதலில் என் தாடையைப் பார்க்கிறாள். மழுமழுவென்று இருக்கிறது, ஒரு முடி கிடையாது. பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

"இன்னைக்கு ஆரா வந்திருக்கே?"

நான்தான் ஆத்தா என்கிறேன். அவள் நம்புவதில்லை.